ஒரு பிள்ளைக்கு ஒரு முழு வேலை: பினாங்கில் பள்ளிப் பிள்ளைகளையும் குடும்பங்களையும் பண்ணைக்கு அழைத்துப் போக முழுமையான வழிகாட்டி

பண்ணைக்குப் போய் வந்த பிள்ளைகளிடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டைப் பார்த்தோம், ஐஸ்கிரீம் சாப்பிட்டோம், பஸ்ஸில் பாட்டுப் பாடினோம் என்று பதில் வரும். பிள்ளைகள் சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் ஒரு சனிக்கிழமையையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துப் பணத்தையும் ஒரு விவசாயியின் அரை நாளையும் செலவழித்ததற்கு அது போதுமா என்றால், எனக்குப் போதாது. வாகனம் பிடித்து அவ்வளவு தூரம் போகிறோம் என்றால், ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தன் கையால் செய்துவிட்டு வர வேண்டும். சின்ன வேலையாக இருக்கட்டும், ஆனால் முழுசாக இருக்கட்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றை நடத்திக்காட்டுவதற்கான வழிகள்தான்.

குடும்பத்தோடு போகச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, அங்கே படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று அடுக்குமாடியிலும் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளிலும் வளர்கிறவர்கள். ஆனால் அவர்களுடைய தாத்தா பாட்டிமார் பலர் தோட்டப்புறத்தில் பால்மரம் என்னும் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர்கள், லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மரவள்ளியும் வெண்டையும் போட்டவர்கள், மாடு கறந்தவர்கள். மண்ணைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தே இதில் என்ன வரும் என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் பிள்ளைகளை மட்டும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் வேலை, பிறகு பண்ணை

பொதுவாக எல்லோரும் இடத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். அதை மாற்றுங்கள். பிள்ளைகள் என்ன வேலை செய்யப் போகிறார்கள் என்று முடிவு செய்துவிட்டு, அந்த வேலை நடக்கும் இடத்தைத் தேடுங்கள். நல்ல வேலைக்கு நான் பார்ப்பது இவை: அரை மணி நேரத்தில் முடிய வேண்டும், முடிந்ததும் எண்ணவோ எடைபோடவோ ஏதாவது இருக்க வேண்டும், விவசாயிக்கு அந்த வேலை உண்மையிலேயே தேவைப்பட வேண்டும். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். பிள்ளைகளுக்காகவே ஒரு மூலையில் செடி நடவைத்து, அவர்கள் போனதும் பிடுங்கிப்போடும் இடங்களும் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட அது தெரிந்துவிடும்.

என் தேர்வில் முதலிடம் பாகற்காய்க்குத்தான். பாகல் பந்தலில் பழ ஈ பெரிய தொல்லை. பெண் ஈ பிஞ்சின் தோலைக் குத்தி உள்ளே முட்டையிடும், புழு வெளியே வருவதற்குள் காய் மஞ்சளாகி அழுகிவிடும். அதனால் காய் விரல் நீளம் இருக்கும்போதே விவசாயிகள் ஒவ்வொன்றுக்கும் பை போட்டுக் கட்டிவிடுகிறார்கள். ஒருவர் பிஞ்சைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் பையை மேலேற்றிக் காம்பைச் சுற்றி மடித்து முடிய வேண்டும், இறுக்கினால் காம்பு ஒடியும், தளர்த்தினால் ஈ நுழையும். அண்ணன் தங்கை சேர்ந்து செய்ய இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. பத்துக் காய்க்குப் பை போட்டால் பத்துக் காய் பிழைத்தது என்று அங்கேயே கணக்குச் சொல்லிவிடலாம். அதே பந்தலில் ஏற்கனவே ஈ குத்திய காய் ஒன்றைப் பறித்து, நீளவாக்கில் அறுத்துப் புழுவையும் காட்டுங்கள். எதற்காகப் பை போட்டோம் என்று பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பூசணிக்கு மகரந்தம் சேர்ப்பதும் அப்படித்தான். ஆண் பூவுக்கு நீளமான வெறும் காம்பு, பெண் பூவுக்கு அடியில் குண்டுமணி போலக் குட்டிக்காய். ஆண் பூவைப் பறித்து இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் பொடியைப் பெண் பூவுக்குள் தடவ வேண்டும். பூ விடியற்காலையில் விரிந்து வெயில் ஏற ஏறச் சுருங்கிவிடும், ஆகவே ஒன்பது மணிக்குள் முடித்தால் நல்லது. தடவிய பூவின் காம்பில் பிள்ளையின் பெயர் எழுதிய நூல் ஒன்றைக் கட்டிவிட்டு வாருங்கள். காய் பிடித்ததா என்று ஒரு வாரத்தில் விவசாயி படம் எடுத்து அனுப்பினால் வகுப்பே கொண்டாடும்.

வயல் என்றால் எல்லோரும் நாற்று நடத்தான் ஆசைப்படுகிறார்கள். நடலாம், ஆனால் இன்று பல வயல்களில் இயந்திரம்தான் நடுகிறது, அல்லது நேரடியாக விதைத்துவிடுகிறார்கள். நாற்று நட்ட வயலில் அங்கங்கே விழுந்த இடைவெளிகளை நிரப்பும் வேலை கிடைக்கிறதா என்று கேளுங்கள், அது கையால்தான் நடக்கும். இன்னொரு வேலை தங்க நத்தை முட்டை அகற்றுவது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த நத்தை இளம் நாற்றை ஒரே இரவில் அறுத்துத் தின்றுவிடும். தண்ணீர் மட்டத்துக்கு மேலே, தண்டிலும் வரப்பிலும், பளிச்சென்ற இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாக முட்டையிடும். குச்சியால் சுரண்டித் தண்ணீரில் தள்ளிவிட்டால் பொரிக்காது. கையுறை கட்டாயம், முட்டையை வெறுங்கையால் தொடவே கூடாது. யார் எத்தனை கொத்து எடுத்தார்கள் என்ற போட்டி தானாகவே ஆரம்பித்துவிடும்.

ஜாதிக்காய் பினாங்குக்கே உரிய வேலை. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் மலுக்குத் தீவுகளிலிருந்து கொண்டுவந்து இங்கே பயிரிட்ட மரம் அது. பழுத்த காய் தானே வெடித்து நிற்கும், உள்ளே கறுத்த கொட்டையைச் சுற்றி இரத்தச் சிவப்பில் வலை மாதிரி ஒன்று பிடித்திருக்கும், அதுதான் ஜாதிபத்திரி. அதைக் கிழியாமல் முழுசாக உரித்தெடுக்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். கொட்டை, பத்திரி, சதை மூன்றையும் தனித்தனியாக எடைபோடச் சொல்லுங்கள். சதைதான் ரொம்பக் கனம், ஆனால் நம் சமையலறைக்கு வந்து சேர்வது மற்ற இரண்டும். சதையை இங்கே ஊறுகாயாகவும் சர்பத்தாகவும் ஆக்கிவிடுகிறார்கள். ஜாதிக்காயில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி, விதை போட்டுப் பல வருஷம் காத்திருந்து பூ பூத்த பிறகுதான் எது எது என்று தெரியும் என்பதை அங்கே இருக்கும் பெரியவரையே சொல்லவிடுங்கள்.

ஆட்டுப் பண்ணையை நான் கொஞ்சம் பின்னால்தான் வைப்பேன். தழை கொடுப்பது வேலை இல்லை, அது விளையாட்டு. கொட்டகைக்கு அடியில் சேர்ந்த புழுக்கையை அள்ளி, எடைபோட்டு, உரக்குழியில் காய்ந்த இலையோடு அடுக்கடுக்காகப் போடுவதுதான் வேலை. காய்ந்த இலை மூன்று பங்கு, பச்சையும் சாணமும் ஒரு பங்கு, பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் அளவு ஈரம். சில நாளில் குவியலுக்குள் 55 முதல் 65 டிகிரிவரை சூடு ஏறும். பழைய குவியல் ஒன்று இருந்தால் நீளமான வெப்பமானியைச் செருகிக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கே போவது

தீவில் இருப்பவர்களுக்கு பாலிக் பூலாவ்தான். சுங்கை பூரோங் பக்கம் வயல், மலைச்சரிவில் ஜாதிக்காயும் கிராம்பும் டுரியானும், நடுவே ஆட்டுப் பண்ணைகள், கம்பத்து (கிராமத்து) வீடுகளுக்குப் பின்னால் காய்கறித் தோட்டங்கள், எல்லாமே கொஞ்ச தூரத்துக்குள் இருக்கின்றன. பெருநிலத்தில் இருப்பவர்கள் பாலம் தாண்டி வர வேண்டிய அவசியமே இல்லை. பினாங்கின் வயல்கள் பெரும்பாலும் செபராங் பிறையில்தான், பெனாகாவிலும் கெப்பாளா பத்தாஸிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல். நிபோங் திபால், பத்து காவான் பக்கத்துப் பள்ளிகள் தீவுக்கு வருவதாக இருந்தால் 2014-இல் திறந்த இரண்டாவது பாலத்தில் வந்து, தெலுக் கும்பார் வழியாக பாலிக் பூலாவ் போவது சுலபம்.

முதல் தடவை ஏற்பாடு செய்கிறவர்கள், இருபது பேருக்குக் குறைவான குடும்பக் குழு என்றால், தெலுக் பஹாங்கில் இருக்கும் டிராப்பிக்கல் ஸ்பைஸ் கார்டனிலோ அதற்கு மேலே மலையில் இருக்கும் பழத்தோட்டத்திலோ ஆரம்பிக்கலாம். ஸ்பைஸ் கார்டன் பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் 2003-இல் திறக்கப்பட்டது, ஏலம், பட்டை, மிளகு எல்லாம் செடியில் எப்படி இருக்கும் என்று பார்க்க நல்ல இடம். ஆனால் அங்கே பார்க்கத்தான் முடியும், வேலை செய்யக் கம்பத்துத் தோட்டம்தான் சரி.

பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் மறக்காதீர்கள். இயற்கை விவசாயம், வீட்டுத் தோட்டம் பற்றி நீண்ட காலமாகப் பயிற்சி கொடுத்துவருகிறார்கள், தமிழில் பேசிப் புரிந்துகொள்ளலாம். ஆசிரியர்களும் பெற்றோர்களும் முதலில் அங்கே ஒரு பயிற்சிக்குப் போய் வந்தால் பண்ணையில் விவசாயி சொல்வதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லத் தைரியம் வரும்.

டுரியான் தோட்டத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பினாங்கில் பருவம் மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, ஜூனிலும் ஜூலையிலும்தான் உச்சம். இங்கே பழத்தைப் பறிப்பதில்லை, தானாக விழும்வரை காத்திருப்பார்கள். அதனால் பருவ நேரத்தில் மரத்தடியில் பிள்ளைகளுக்கு எந்த வேலையும் வேண்டாம், தலைக்கவசம் கொடுத்தாலும் வேண்டாம். வலை கட்டிய தோட்டமாக இருந்தாலும் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, கூரைக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரலாம்.

முன்னாடியே ஒரு தடவை நேரில் போங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. தொலைபேசியில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சரி என்பார்கள். நேரில் போய், பிள்ளைகள் வரப்போகும் அதே காலை நேரத்தில், தோட்டத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். தண்ணீர்க் குழாய் எத்தனை என்று எண்ணுங்கள். 40 பிள்ளைகள் ஒரே குழாயில் ஆளுக்கு அரை நிமிடம் கை கழுவினால் 20 நிமிடம் போய்விடும், அதனால் குழாய் வைத்த பெரிய தண்ணீர் டிரம் இரண்டைக் கையோடு கொண்டு போக வேண்டியிருக்கலாம். கழிப்பறை எங்கே, மழை வந்தால் ஒதுங்கக் கூரை எங்கே, பஸ் திரும்ப இடம் இருக்கிறதா, திறந்த கிணறோ மீன் குளமோ மூடாத வாய்க்காலோ எங்கே இருக்கிறது, நாய் கட்டியிருக்கிறதா, எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

விவசாயியிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: கடைசியாக எப்போது மருந்தடித்தீர்கள், அடுத்து எப்போது அடிப்பீர்கள்? ஒவ்வொரு மருந்துக்கும், அடித்த பிறகு எவ்வளவு நேரம் கழித்து ஆள் உள்ளே போகலாம் என்று கணக்கு உண்டு. உங்கள் தேதிக்கு முந்தின வாரம் முழுக்க அந்தப் பாத்தியில் அடிக்காமல் இருக்க முடியுமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், முடியாது என்றால் தேதியையோ பாத்தியையோ மாற்றுங்கள். பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை. அதற்கு முன்பு எத்தனையோ வருஷம் தோட்டங்களில் அதை முதுகில் சுமந்து அடித்தவர்களில் நம் பெண்கள் ஏராளம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். விவசாயி ஏன் முகக்கவசம் போடுகிறார் என்பதோடு சேர்த்துச் சொன்னால் மனதில் நிற்கும்.

கூலி விஷயத்தில் தாராளமாக இருங்கள். நாம் போகும் காலை நேரம் அவர்களுக்கு அறுவடை நேரம், சந்தைக்குச் சரக்கு அனுப்பும் நேரம். ஆளுக்கு இத்தனை வெள்ளி என்று முன்கூட்டியே பேசி, வரும் எண்ணிக்கை குறைந்தாலும் குறைந்தபட்சம் இவ்வளவு என்று ஒத்துக்கொண்டு, அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் விளைச்சலைக் குடும்பங்கள் வாங்கிக்கொண்டு போகும்படி ஒரு மேசை போடச் சொல்லுங்கள், விலையில் பேரம் வேண்டாம்.

அனுமதி, ஆட்கள், பஸ்

பள்ளியின் பெயரில் போவதென்றால் தலைமையாசிரியர் வழியாகக் கல்வி இலாகா அனுமதி, பெற்றோர் கையெழுத்திட்ட படிவம், காப்புறுதி எல்லாம் வேண்டும், எழுத்து வேலைக்கு நேரம் பிடிக்கும் என்பதால் இரண்டு மாதத்துக்கு முன்பே ஆரம்பியுங்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து சொந்தமாகப் போவதென்றால் இவ்வளவு இல்லை, ஆனாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பு யார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சொன்னோம் என்பது போதாது.

எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், ஏழு வயதுக்குக் கீழே என்றால் ஐந்துக்கு ஒருவர். இது வகுப்பறைக் கணக்கு இல்லை, வரப்பில் நடக்கும் கணக்கு. மொத்தம் 40 பேருக்கு மேல் வேண்டாம். 80 பேர் வருகிறோம் என்றால் இரண்டு சனிக்கிழமையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் பூலாவுக்கு ஏறும் மலைப்பாதை வளைவுகள் அதிகம், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் பாதிப் பஸ் வாந்தி எடுக்கும். புறப்படும் முன் கொஞ்சமாகக் கொடுத்து, பண்ணைக்குப் போய்ப் பசியாற வைக்கலாம். மலாய்க் குடும்பத்து முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம் என்றால் வெளியிலிருந்து என்ன உணவு கொண்டு வரலாம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், சைவ நாசி லெமாக் பொட்டலம் என்றால் யாருக்கும் பிரச்சினை இல்லை. விவசாயியை எப்படிக் கூப்பிடுவது என்பதையும் பஸ்ஸிலேயே சொல்லிக்கொடுங்கள்: மலாய்க்காரர் என்றால் பாக் சிக், மாக் சிக், சீனர் என்றால் அங்கிள், ஆன்ட்டி. போனதும் வணக்கம் சொல்லி, வரும்போது நன்றி சொல்லி வர வேண்டும்.

உடம்புக்கு வராமல் பார்த்துக்கொள்வது

நீளக் கை, நீளக் கால்சட்டை, தொப்பி, மூடிய காலணி. வயலுக்கும் வாய்க்காலுக்கும் ரப்பர் பூட்ஸ். வெறுங்காலில் சேற்றில் இறங்குவது சந்தோஷமான விஷயம்தான், ஆனால் நத்தை ஓடு காலை அறுக்கும், எலி சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி இருக்கும், அது சின்னக் கீறல் வழியாகவும் உள்ளே போய்விடும். காலிலோ கையிலோ புண் இருக்கும் பிள்ளைக்கு அன்று தண்ணீர் வேலை வேண்டாம், பாகல் பந்தலுக்கு அனுப்புங்கள். போய் வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால், மருத்துவரிடம் பிள்ளை வயலுக்குப் போனதைக் கட்டாயம் சொல்லுங்கள், அது தெரிந்தால்தான் அந்தப் பரிசோதனையைச் செய்வார்கள். இந்த ஒரு வாக்கியத்தைப் பெற்றோர் படிவத்தில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

ஏடிஸ் கொசு பகலில் கடிக்கிறது, ஆகவே கொசு மருந்தைப் புறப்படும் முன்பே தடவிக்கொள்ள வேண்டும். ரம்புத்தான், மாமரத்தில் முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று கிளையைத் தொடும் முன் பார்க்க வேண்டும். ஆட்டைத் தொட்ட கையோடு எதுவும் சாப்பிடக் கூடாது. சோப்பும் தண்ணீரும்தான் கைக்கு, சேறு படிந்த கையில் கிருமிநாசினி ஜெல் சரியாக வேலை செய்யாது. காய்ச்சாத ஆட்டுப்பாலை யார் அன்பாகக் கொடுத்தாலும் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆஸ்துமா மருந்து, ஒவ்வாமை மருந்து வைத்திருக்கும் பிள்ளைகளின் பை பஸ்ஸில் இருக்கக் கூடாது, பொறுப்பாளரின் தோளில் இருக்க வேண்டும்.

அன்றைய காலை

ஏழரைக்குப் பண்ணையில் இறங்கிவிடுங்கள். எட்டு மணிக்கு முதல் வேலை, பூசணிப் பூவும் வயலும் இந்த நேரத்துக்கு. நாலு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டே வேலை கொடுங்கள். நாலு வேலையையும் எல்லோரும் சுற்றி வர வேண்டும் என்று ஆசைப்பட்டால் எதுவுமே முடியாது, பாதி பை போட்ட பந்தலையும் பாதி அள்ளிய புழுக்கையையும் விட்டுவிட்டு விசில் சத்தத்துக்கு ஓட வேண்டியிருக்கும். பத்தரைக்கு மேல் வெயிலில் வேலை வேண்டாம். நிழலுக்கு வந்து எடைபோடுவது, எண்ணுவது, வரைவது. பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குள் பஸ் ஏறிவிட்டால் மத்தியான மழைக்கு முன்னால் மலை இறங்கிவிடலாம். செப்டம்பரும் அக்டோபரும் இங்கே மழை அதிகம், அந்த மாதங்களில் போனால் கூரை உள்ள பண்ணையாகப் பாருங்கள்.

விவசாயியை மைக் பிடித்துப் பேசச் சொல்லாதீர்கள். பலருக்கு அது வராது, பிள்ளைகளும் கேட்க மாட்டார்கள். அவர் வேலையைச் செய்துகாட்டட்டும், பிள்ளைகள் செய்யட்டும், சந்தேகம் வந்தால் பக்கத்தில் போய்க் கேட்கட்டும்.

தாத்தா பாட்டிக்கு ஒரு மேடை

பாலிக் பூலாவ் பக்கம் இன்னும் பால்மரங்கள் நிற்கும் தோட்டங்கள் உண்டு. உரிமையாளர் சம்மதித்தால், பால் வெட்டிய அனுபவம் உள்ள தாத்தாவோ பாட்டியோ ஒரு மரத்தில் செய்துகாட்டட்டும். முன்கூட்டியே சொல்லி, பழைய உளி வீட்டில் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள்.

முதலில் வெட்டுக் கோட்டின் மேல் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை விரலால் பிடித்து ஒரே இழுப்பில் உரிப்பார்கள், ரிப்பன் மாதிரி நீளமாக வரும். அப்புறம் உளியை மேலே இடப்பக்கம் வைத்துக் கீழே வலப்பக்கமாகச் சாய்த்து இழுப்பார்கள், காகிதம்போல மெல்லிய பட்டைச் சீவல் விழும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், பிறகு அந்த இடம் புடைத்துக்கொண்டு அடுத்த முறை வெட்ட முடியாமல் போகும். மேலோட்டமாகப் போனால் பால் வராது. சில விநாடியில் வெள்ளைப் பொட்டுகள் வெட்டு நெடுகத் துளிர்த்து, ஒன்றோடொன்று சேர்ந்து கோடாகி, மரத்தில் கட்டிய மங்கு என்னும் கிண்ணத்துக்குள் சொட்ட ஆரம்பிக்கும். “ஏன் பாட்டி இருட்டுலயே போவீங்க?” என்று எப்படியும் ஒரு பிள்ளை கேட்கும். வெயில் ஏறினால் மரத்துக்குள் நீர் அழுத்தம் குறைந்து பால் சீக்கிரம் நின்றுவிடும், அதனால்தான் விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நின்று, தங்கள் மர வரிசையான நிரைக்கு ஓடியிருக்கிறார்கள். அறிவியல் பாடமும் குடும்ப வரலாறும் ஒரே பதிலில் வந்துவிடுகிறது. பிள்ளைகள் கையில் உளியைக் கொடுக்க வேண்டாம், ஒட்டுப்பால் உரிக்கவும் மங்கு துடைக்கவும் விடலாம்.

மரம் இல்லாத இடத்தில் பாட்டிமார் முருங்கை, கருவேப்பிலை, மணத்தக்காளி எது எது என்று தோட்டத்தைச் சுற்றிக் காட்டட்டும். களை என்று நாம் மிதித்துப்போகும் குப்பைமேனியை அவர்கள் குனிந்து பறிப்பார்கள்.

திரும்பி வந்த பிறகுதான் பாதி வேலை

பண்ணையிலிருந்து ஒவ்வொரு குழுவும் ஏதாவது உயிருள்ள ஒன்றைக் கொண்டு வர வேண்டும். எனக்குப் பிடித்தது விதைநெல் ஒரு கைப்பிடி. மூட்டையாகத்தான் விற்பார்கள் என்பதால் விவசாயியிடமே கேட்டு வாங்குங்கள். இங்கே பயிராகும் நெல் வகைகள் பெரும்பாலும் விதைத்து 110 முதல் 120 நாளில் அறுவடைக்கு வரும். ஆகவே செப்டம்பர் முதல் வாரத்தில் விதைத்தால் பொங்கலுக்கு முன்பு கையில் நெல் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பொங்கல் பானையில் பிள்ளைகள் விளைவித்த ஒரு கைப்பிடி அரிசி விழ வேண்டும் என்று இலக்கு வைத்துக்கொள்ளுங்கள், மற்ற தேதிகளெல்லாம் தானாக அமையும்.

விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, ஈரத் துணியில் முடிந்து ஒன்றிரண்டு நாள் வைத்தால் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். தட்டில் சேறு பரப்பித் தூவி, 15 முதல் 20 நாளில் நாற்றைப் பிடுங்கி வாளியில் நடலாம். பெயிண்ட் வாளி அளவு போதும், நன்றாகக் கழுவியது, ஓட்டை போடாதது, ஒரு வாளிக்கு மூன்று குத்து. மண் கலவை 3 பங்கு மேல்மண், 2 பங்கு மக்கிய உரம், 1 பங்கு மணல் என்று நம் ஊர் நாற்றங்காலில் வழக்கமாகப் போடுவது காய்கறிக்குச் சரி, நெல்லுக்கு மணலை விட்டுவிட்டுக் களிமண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. வாளியில் தண்ணீர் நின்றால் ஏடிஸ் முட்டையிடும், முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும், 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி பள்ளிக்கும் வீட்டுக்கும் அபராதம் வரலாம். அதனால் வயல் மாதிரித் தண்ணீர் கட்டாமல், மண் எப்போதும் சேறாக இருக்கும் அளவு மட்டும் ஊற்றுங்கள், நெல் அப்படியும் வளரும். மழை நாளில் மேலே நின்ற தண்ணீரை அன்றைக்கே சாய்த்துவிட ஒரு பிள்ளைக்குப் பொறுப்புக் கொடுங்கள். கப்பி மீன் விடலாம் என்று சிலர் சொல்வார்கள், தண்ணீர் வற்றும் வாளியில் மீன் சாகும், வேண்டாம்.

கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் குருவிகள் வந்து உறிஞ்சிவிட்டுப் போகும், வலை போடுங்கள். வருஷக் கடைசி விடுமுறை சரியாக அந்த நேரத்தில்தான் வரும், ஆகவே பள்ளி மூடும் அன்று வாளிகள் குடும்பங்களோடு வீட்டுக்குப் போக வேண்டும். இதை ஆரம்பத்திலேயே பேசிவைக்காவிட்டால் ஜனவரியில் காய்ந்த வைக்கோல்தான் இருக்கும். கதிர் மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தி, இரண்டு வாரம் விட்டு அறுக்கலாம். ஒரு வாளிக்கு ஒரு கைப்பிடி நெல், நன்றாக வந்தால் இரண்டு. உரலிலிட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, முன்னும் பின்னும் எடைபோட்டால், நெல்லின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் அரிசி என்பது பிள்ளைகளே கண்டுபிடிக்கும் கணக்கு. முறம் பிடிக்கப் பாட்டியைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவு நாள் காத்திருக்க முடியாத சின்னப் பிள்ளைகளுக்குக் கங்கோங் கீரை. பாசாரில் வாங்கிய கட்டில் இலையைச் சமைத்துவிட்டுத் தண்டைத் தண்ணீரில் வைத்தால் சில நாளில் வேர் விடும், தொட்டியில் நட்டு மூன்று நாலு வாரத்தில் வெட்டலாம், அடியில் இரண்டு கணு விட்டு வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும். தண்ணீர்க் குவளையை இரண்டு நாளுக்கு ஒரு தடவை மாற்ற மறக்காதீர்கள், அதே கொசுக் கதைதான். அடுக்குமாடி நடைபாதையில் தொட்டி வைத்து வழியை அடைக்காதீர்கள், சன்னல் ஓரத்திலோ பால்கனியிலோ வையுங்கள்.

பாகற்காய் எத்தனை பிழைத்தது, பூசணி பிடித்ததா, வாளி நெல் எத்தனை கிராம் என்ற மூன்றையும் பிள்ளைகள் மலாயில் ஒரு கடிதமாக எழுதி, படங்களோடு விவசாயிக்கு அனுப்பட்டும். பொங்கல் முடிந்த வாரத்திலேயே அவரைக் கூப்பிட்டு அடுத்த நடவு எப்போது, பாகல் எப்போது பந்தலேறும் என்று கேட்டுப் பள்ளி நாள்காட்டியில் அந்தச் சனிக்கிழமையைக் குறித்துவிடுங்கள். பிப்ரவரி வந்தால் விளையாட்டுப் போட்டியும் கூட்டங்களும் வந்து எல்லாச் சனிக்கிழமையையும் பிடித்துக்கொள்ளும்.